துலாத்தில் நின்ற கல்

என்னோடு சேர்ந்து எழுபதைத் தொட்டிருக்கும் உங்களுக்கு என் பழக்கம் தெரியும். கோயிலுக்கு வந்தால் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவேன். கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்தால் இலைகளை எண்ணுவேன். காலையில் விழுங்கும் மாத்திரை ஆறு. விழுங்கிவிட்டு, ஐந்துதானோ என்று டப்பாவை மறுபடி திறப்பேன். முப்பத்து மூன்று வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்ததால் வந்த வியாதி என்று நீங்கள் கேலி செய்வதுண்டு. அது அதற்கும் முன்பே வந்துவிட்டது. பதினோரு வயதில், ஒரு சித்திரைக் கடைசியிலிருந்து ஆடி வரைக்கும் நான் எண்ணிக்கொண்டிருந்ததால் நடந்த ஒன்றை உங்களில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லாமலே போய்விடுவேனோ என்ற கவலை இப்போது அதிகமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் ஜொகூரில் கெலாங் பாத்தாவுக்கும் பெக்கான் நானாஸுக்கும் நடுவில் இருந்தது. உங்களில் சிலர், இப்போது நெடுஞ்சாலை போகும் அந்த இடத்தின்மேல்தான் தினமும் வேலைக்காக சிங்கப்பூருக்கு வண்டி ஓட்டிப் போய் வந்தீர்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருபத்து நான்கு வீடுகள், எங்களுடையது பதினேழாவது. காற்று தெற்கே இருந்து வந்தால் ரப்பர் தாளுக்குப் புகை போடும் கொட்டகையின் வாடை வரும். வடக்கே இருந்து வந்தால் புளித்த ரப்பர் பாலின் வாடை. இரண்டும் இல்லாத நாள் மழை நாள்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. விடியுமுன் அம்மாவோடு பால்மரத்தில் கோடு வெட்டிப் பால் எடுக்கப் போவாள். அப்பா புகைக் கொட்டகையில் வேலை. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, பால் நிறுக்கும் இடத்தில் நிறுவைக்காரர். லயத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்பவரும் அவர்தான். அப்பாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவர் வாயிலிருந்துதான் வரும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

அந்த வருடம் பங்குனியில் அக்காவைப் பெண் பார்க்க மெர்சிங்கிலிருந்து ஒருவர் தன் அண்ணனோடு வந்தார். படகுத்துறையில் மீனுக்கு ஐஸ் போடும் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. சட்டையெல்லாம் சலவை மடிப்பு. ஆனாலும் கிட்டே போனால் லேசாக மீன் வாடை. ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்திருந்தார். எனக்கென்று ஒரு பைனாகுலரும் கொண்டுவந்திருந்தார்.

"படகுக்காரன் தூக்கிப் போட்டது, தம்பி. ஒரு கண்ணுல உப்புத்தண்ணி பூந்துருச்சு. இன்னொன்னு நல்லாருக்கு. ஒனக்கு ஒரு கண்ணு போதும்ல?"

"போதும்ணே," என்றேன்.

"பாத்தீங்களா," என்று அவர் அப்பாவிடம் சொன்னார். "பையன் கஷ்டமே குடுக்க மாட்டான்."

அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். இன்னொரு குவளை வேண்டுமா என்று அம்மா கேட்டதற்கு அவர் "போதும்ங்க" என்றார். அக்காவின் முன்னால் அவர் பேசியது அந்த ஒரு சொல்தான்.

ஆனால் மறுநாளே அக்கா என்னிடம் வந்தாள். "டேய், மெர்சிங் எத்தன மைலுடா?"

பள்ளிக்கூடத்துத் தேசப் படத்தில் நூலை வைத்து அளந்து, ரோடு வழியாகப் போனால் நூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு என்று சொன்னேன்.

"அதுல எத்தன மைலு கடலப் பாத்துக்கிட்டே போலாம்?"

"கடைசி ரெண்டு மைலு இருக்கலாம்."

"ரெண்டுதானா," என்றாள். பிறகு, "பரவால்ல. ரெண்டு மைலு நெறையா," என்றாள். அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பாலில் கறுத்துப்போன விரல் நகங்களை அந்த வாரம் முழுக்கச் சாம்பலும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை, அப்போதும், இப்போதும்.

ஜாதகம் பொருந்தியது. மாமா வைகாசிக் கடைசியில் நாள் குறித்தார்.

நான் ஒற்றைக்கண் பைனாகுலரோடு வானத்தை எண்ணத் தொடங்கினேன். ஏழரை மணிக்குச் சாப்பாடு முடிந்ததும், கோழிக்கூண்டின் மேல் சாய்ந்து நின்றால் கிழக்கே மரங்களுக்கு மேல் விருச்சிகமும் அதற்கு முன்னால் துலாமும் தெரியும். எது எது என்று மாமா காட்டியிருந்தார். துலாம் நான்கு நட்சத்திரம் கொண்ட கோணல் பெட்டி. பெட்டிக்குள் இருந்த மங்கல் புள்ளிகள் பதினொன்று. ஏழு நாள் எண்ணினேன், பதினொன்றுதான். எட்டாம் நாள் பன்னிரண்டு. எண்ணிக்கை தப்பினால் எனக்குச் சோறு இறங்காது. கணக்கு நோட்டில் பெட்டியை வரைந்து புள்ளி வைத்தேன். அந்தப் பன்னிரண்டாவது நகர்ந்தது. கையை நீட்டிப் பிடித்தால், நான்கு நாளுக்கு ஒரு சுண்டுவிரல் அகலம். மேற்கே.

பெருமையோடு அப்பாவிடம் சொன்னேன். அவர் மாமாவிடம் சொல்லிச் சிரித்தார். "என் மவன் வானத்துல பிரட்டு எடுக்கறான், மச்சான். நீங்க காலையில ஆள் எண்ற மாதிரி அவன் நட்சத்திரத்த எண்றான். ஒரு ஆளு கூட இருக்காம்."

மாமா சிரிக்கவில்லை. "எந்த ராசில?"

"துலாத்துல, மாமா."

"எந்தப் பக்கம் போவுது?"

"மேக்க."

அக்காவுக்குத் துலா ராசி. மாமா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். கட்டத்தில் துலாத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது: கேது. அதை அவர் முன்பே பார்த்து, குரு பார்வை இருக்கிறது, பரவாயில்லை என்று தள்ளியிருந்தார். கேதுவுக்கு உடம்பு கிடையாது, கண்ணுக்குத் தெரியாது, எப்போதும் பின்னால், அதாவது மேற்கேதான் போவான் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். மற்ற கிரகங்கள் எப்போதாவது பின்னால் போய்த் திரும்பும். கேது திரும்புவதே இல்லை.

"தெரியக்கூடாதவன் தெரியறான்," என்றார் மாமா. முகத்தில் வியர்வை. "அதுவும் கட்டிக்கப்போறவன் குடுத்த கண்ணாடியில தெரியறான். இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்றான்."

அப்பா அந்தப் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். "நூறு புள்ளி இருக்கு. எதுடா?" என்றார். மாமாவும் பார்த்தார். அவர் கண்ணில் அப்போதே பூ விழத் தொடங்கியிருந்தது. அம்மா பார்க்க மாட்டேன் என்று முக்காட்டை இழுத்துக்கொண்டாள். ஆக, எது பன்னிரண்டாவது என்று தெரிந்தவன் தோட்டத்திலேயே நான் ஒருவன். அக்காவை யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

இன்று யோசித்தால், அப்பா நம்பவில்லை என்று தோன்றுகிறது. ஆனால் மாமாவை எதிர்த்துப் பேச அவரால் முடியாது. அவரால் முடிந்தது பேரம்தான். நாளைத் தள்ளிப் போடுவோம், ஆடி பிறக்கும் வரைக்கும் பார்ப்போம் என்றார். மாமா கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. ஆடிக்குள்ள அது திரும்பி முன்னால போச்சுன்னா அது கேது இல்ல. ஏதோ ஒன்னு. நான் குறுக்க நிக்க மாட்டேன். பின்னாலயே போச்சுன்னா, அவங்களுக்கு எழுதிப் போட்டுருவோம்." அப்பா அப்படியே மெர்சிங்குக்குக் கடிதம் எழுதினார்.

அன்றிலிருந்து லயத்தில் என் மதிப்பு ஏறியது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், "இன்னிக்கு எங்கடா இருக்கான்?" என்று கேட்டார்கள். மாமா வீட்டில் எனக்கு நாற்காலி. பாயில் உட்கார்ந்தவனுக்கு நாற்காலி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மட்டும் வாத்தியார், ஒன்பதுக்கு மேல் கிரகம் கிடையாது என்று சொல்லி, பொய் சொன்னதற்காக உள்ளங்கையில் நான்கு அடி போட்டார். அப்போது நான் சொன்னது உண்மை.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஏழரைக்கு நான் கோழிக்கூண்டுப் பக்கம் போகும்போது பாத்திரம் விளக்குவதை நிறுத்திவிடுவாள். நான் திரும்பி வந்ததும் மறுபடி ஆரம்பிப்பாள்.

ஆனி நடுவில் அது நின்றது. ஒன்பது நாள் அசையவே இல்லை. மழை மறைத்த இரண்டு நாளைக் கழித்தால் நான் பார்த்தது ஏழு. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்கே அரைச் சுண்டுவிரல் நகர்ந்திருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். திரும்பிவிட்டது.

மாமா நாற்காலியைக் காட்டி, "என்னடா?" என்றார்.

"பின்னாலதான் போவுது, மாமா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நாற்காலி ஒரு காரணம். அக்கா போய்விட்டால் என் பக்கத்துப் பாய் காலியாகிவிடும் என்பது ஒன்று. இத்தனை நாள் எல்லோரையும் பயமுறுத்தியது வெறும் ஏதோ ஒன்று என்று ஆகிவிடும், சிரிப்பார்கள் என்பது இன்னொன்று. ஒவ்வொரு முறை எண்ணும்போதும் எண்ணிக்கை மாறுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நோட்டில் புள்ளி வைக்கவில்லை. பொய்யை வாயால் சொல்ல முடிந்தது, பென்சிலால் முடியவில்லை.

ஆடிக்கு ஐந்து நாள் இருந்தபோது, மதியம் பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கும் இடத்தில் மெர்சிங்காரர் நின்றிருந்தார். தனியாக. பேச்சு நின்றுபோயிருக்கும்போது பெண் வீட்டுக்கு வரக்கூடாது என்பதால் அங்கே காத்திருந்தார். பள்ளி வாசலில் ஐஸைச் சீவி உருண்டை பிடித்து விற்பவரிடம் எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். சிவப்பு சிரப்.

"சாப்புடு. எங்க ஐஸுல மீன் நாத்தம்தான் வரும். இது நல்லாருக்கும்."

நான் உறிஞ்சினேன்.

"ஒங்கப்பா எழுதியிருந்தாரு. அது திரும்பிருச்சா, தம்பி?"

விரலில் வடிந்த சிரப்பை நக்கினேன்.

"திரும்பிருந்தா சொல்லு. இப்பவே போயி ஒங்க மாமாகிட்டப் பேசிர்றேன். அதுக்குத்தான் லீவு போட்டு வந்தேன்."

"திரும்பல," என்றேன்.

"நல்லாப் பாத்தியா? அந்த ஒத்தக் கண்ணுலதானே பாக்கற?"

"ஆமாண்ணே. பின்னாலதான் போவுது."

அவர் ரோட்டைப் பார்த்தார். அன்னாசிப் பழம் ஏற்றிய லோரி ஒன்று போனது. அதன் புளிப்பு வாடை கொஞ்ச நேரம் நின்றது. இருட்டும் வரை இருந்து தானே பார்க்கலாம் என்றால் கடைசி பஸ் போய்விடும். பார்த்தாலும் நூறில் எது என்று நான்தான் காட்ட வேண்டும்.

"சரி," என்றார். "எனக்கு இதுல நம்பிக்கை இல்ல, தம்பி. அண்ணனும் அம்மாவும் நம்பறாங்க, என்ன செய்யறது. நீ ஒன்னு செய். அக்காகிட்ட நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு. அவங்களுக்குச் சம்மதம்னா ஒரு வரி எழுதச் சொல்லு, போதும். ஆடியாவது ஆவணியாவது, வந்துர்றேன். சொல்லுவியா?"

"சொல்றேன்."

என் தலையைத் தொட்டுவிட்டு பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா பால் வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்டா நாக்கு செவப்பாருக்கு?" என்றாள்.

"ஐஸ்."

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"கூட்டாளி," என்றேன்.

ஆடி பிறந்தது. மாமா சொல்ல அப்பா கடிதம் எழுதினார். மெர்சிங்கிலிருந்து அண்ணன்காரர் நாலு வரியில் பதில் போட்டார்: அவர்களும் வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்களாம். அக்கா அதை வாங்கிப் படித்தாள். "அவரு எழுதலயா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா இல்லை என்றார். கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

பைனாகுலரை நான் புகைக் கொட்டகைக்குப் பின்னால், கெட்டுப்போன பால் கொட்டும் குழியில் போட்டேன். அது முழுகவில்லை, இறுகிய பாலின்மேல் கிடந்தது. ஒரு கம்பால் அழுத்தினேன். நோட்டு மாமாவின் பஞ்சாங்கக் கட்டோடு போய்விட்டது. மாமா இறந்தபோது அந்தக் கட்டும் இல்லை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். அக்கா பெக்கான் நானாஸில் அன்னாசித் தொழிற்சாலைக்குப் போனாள், பிறகு மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலைக்கு. அவள் உழைப்பில்தான் நான் படித்தேன். இரண்டு வரன்கள் வந்தன. இரண்டுக்கும் வேண்டாம் என்றாள். காரணம் கேட்ட அம்மாவிடம், "ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லக்கூட வரமாட்டான். இந்த ஆம்பளைங்க பவுசு தெரியும்மா," என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அந்தப் பன்னிரண்டாவது புள்ளி என்ன என்று எனக்கு இருபது வயதில் தெரிந்தது. பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் ஒரு வானியல் புத்தகம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கற்கள் ஓடும் பட்டை. அவற்றில் வெறும் கண்ணுக்கே சில சமயம் எட்டும் அளவுக்கு வெளிச்சமானது ஒன்றே: வெஸ்டா. பூமி உள்வட்டத்தில் வேகமாக அதைத் தாண்டிப் போவதால் அது கொஞ்ச காலம் பின்னால் போவதுபோலத் தெரியும், பிறகு நிற்கும், பிறகு முன்னால் போகும். கணக்குப் போட்டேன். அந்த வருடம் அந்த மாதங்களில் அது துலாத்தில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அதைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. குறுக்களவு ஐந்நூற்று இருபத்தைந்து கிலோமீட்டர்; ஜொகூர் பாருவிலிருந்து ஈப்போவுக்குப் போகும் தூரம். முழு உருண்டை இல்லை. தெற்குப் பக்கம் ஏதோ இடித்து, அதன் அகலத்துக்கே ஒரு பள்ளம். தன்னைத் தானே சுற்ற ஐந்து மணி இருபது நிமிடம். சூரியனைச் சுற்ற மூன்று வருடம் ஏழரை மாதம். நம்மைவிட இரண்டே கால் மடங்குக்கும் கொஞ்சம் அதிகமான தொலைவு. பூமி ஓடும் தளத்துக்கு ஏழு பாகை சாய்ந்த பாதை. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய தரை, உள்ளே இரும்பு. காற்று இல்லை. மேலே விழும் வெளிச்சத்தில் பத்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அதைத்தான் நான் பார்த்தேன். இதில் எந்த எண்ணிலும் அக்கா இல்லை. எத்தனை தடவை சரிபார்த்தாலும் இல்லை.

போன வருடம் மே மாதம் அது துலாத்துக்கு வந்தது. நடுவே எத்தனையோ முறை வந்து போயிருக்கிறது. ஆனால் அதே மாதத்தில், அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் வருவது அபூர்வம். ஐம்பத்தெட்டு வருடம், பதினாறு சுற்று, சில வாரம் முன்பின். என் மனைவி போனபின் கெலாங் பாத்தா வீட்டில் நானும் அக்காவும்தான். இரண்டு கண்ணும் உள்ள புதிய பைனாகுலரோடு வாசலில் நின்றேன். துறைமுக வெளிச்சத்தில் பெட்டியின் நான்கு மூலையே சரியாகத் தெரியவில்லை. அக்கா கதவருகே வந்து, "என்னடா பாக்கற, பனி எறங்குது, உள்ள வா," என்றாள். உள்ளே போய் டப்பாவைத் திறந்தேன். மாத்திரையை மறந்தேனோ என்று எண்ணினேன். மறக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சொன்னேன். அவள் வாசல் அஞ்சடித் திண்ணையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கல் பற்றி, திரும்பியது பற்றி, மாமாவிடம் சொன்ன பொய் பற்றி. அதுவரை அவள் விரல் நிற்கவில்லை. "சின்னப் பையன்தானே," என்றுகூடச் சொன்னாள். பிறகு பள்ளிக்கூட வாசலில் அவர் வந்து நின்றதைச் சொன்னேன்.

விரல் நின்றது.

"அவரு வந்தாரா?"

"வந்தாரு, அக்கா."

"எப்ப?"

"ஆடிக்கு அஞ்சு நாளைக்கு முன்னால."

"யாரு கூட?"

"தனியாத்தான்."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை சைக்கிளில் மூன்று முறை இப்படியும் அப்படியும் போனான். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தாலும் சரி என்று இருந்தேன்.

"என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு. ஒன்னும் விட்றாத."

சொன்னேன். லீவு போட்டு வந்ததை, நம்பிக்கை இல்லை என்றதை, ஒரு வரி எழுதினால் போதும் என்றதை.

"மறுபடியும் சொல்லு."

சொன்னேன்.

"ஆடியாவது ஆவணியாவதுன்னா சொன்னாரு?"

"ஆமா."

"நான் அந்த மனுசன எவ்வளவு ஏசியிருப்பேன்," என்றாள். "அம்மாகிட்ட. ஃபேக்டரியில கூட இருந்த பொண்ணுங்ககிட்ட. எத்தன தடவ." பிறகு, "இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

மூன்றாவது முறையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஆகிவிட்டது. அது அவளுக்குப் போதவில்லை.

"இப்படியா சொன்னாரு? மெதுவாச் சொன்னாரா, வேகமாவா? கோவமா?" அவள் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "நான் அவரு பேசி ஒரே ஒரு வார்த்ததாண்டா கேட்டிருக்கேன். கொரலு எப்படி இருந்துச்சு?"

அவர் ஏறிய பஸ்ஸின் எண் எனக்கு இன்றும் தெரியும். அன்று நின்றிருந்தவர்கள் அவரையும் சேர்த்து ஐந்து பேர். சட்டையில் ஆறு பொத்தான், மேலே இருந்தது போடாமல் இருந்தது. குரலை எவ்வளவோ தேடிப் பார்த்தேன்.

"ஞாபகம் இல்ல, அக்கா," என்றேன்.

அவள் தட்டை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து உள்ளே போனாள்.